லான்சருக்கு ஜப்பான் முகம்: பழைய காரில் இறக்குமதி முன்பக்கம் பொருத்தும் முழு வழிகாட்டி

என் பழைய மிட்சுபிஷி லான்சருக்காக வாங்கிய எவோ 4 (ஜப்பானில் விற்ற லான்சர் எவல்யூஷன் என்ற வேக வகையின் நான்காம் பதிப்பு) பம்பர் கைக்கு வந்த முதல் வாரமே நான் ஒரு பெரிய தவறு செய்தேன். பெட்டியைப் பிரித்த கையோடு பம்பரைப் பெயிண்ட் கடைக்குக் கொண்டு போய்விட்டேன். நான்கு நாள் கழித்து வெள்ளை வெளேரென்று வந்த பம்பரை லான்சரின் முன்னால் தூக்கிப் பிடித்தபோது இடது ஓரம் ஃபெண்டரோடு (முன்சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) ஒட்டியது. வலது ஓரம் 8 மில்லிமீட்டர் விலகி நின்றது. அதைச் சரிசெய்ய அரம் போட்டு, சூடு காட்டி, வளைத்து, புதுப் பெயிண்ட் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. சேலம் கொண்டலாம்பட்டியில் என் வண்டியைப் பார்க்கும் டிங்கர் அண்ணன் அன்று சொன்னது: "தம்பி, பெயிண்டு கடைசி வேலை. எல்லாத்தையும் வெறுமனே மாட்டி, வண்டிய ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு, மறுபடி கழட்டித்தான் அடிக்கணும்."

அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் இந்த வழிகாட்டி முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. உங்களிடம் இருப்பது லான்சராக இல்லாமல் பழைய பலேனோவாகவோ ஹோண்டா சிட்டியாகவோ இருந்தாலும் வேலையின் வரிசை மாறாது. அளவுகள் மட்டும் மாறும்.

எந்த முகம் எந்த உடலுக்கு

மிட்சுபிஷி லான்சர் நம் மாநிலத்தில் பிறந்த வண்டி. 1998 முதல் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் தயாரானது. அதன் உடலுக்கு சி.கே. என்று பெயர். ஜப்பானில் ஓடிய எவோ 4, 5, 6 மூன்றும் இதே குடும்பம். ஜப்பான் விற்பனையாளர்களின் பட்டியலில் எவோ 4 என்பது சி.என்.9.ஏ, எவோ 5-ம் 6-ம் சி.பி.9.ஏ என்று இருக்கும். தேடும்போது வண்டிப் பெயரைவிட இந்தக் குறியீடுதான் உதவும்.

குடும்பம் ஒன்று என்பதால் எல்லாம் பொருந்திவிடாது. எவோ 4 வெளிவந்தது 1996 ஆகஸ்டில். அதன் அகலம் 1,690 மி.மீ. ஜப்பானில் சிறிய கார் வகைக்கான அகல வரம்பு 1,700 மி.மீ. என்பதால் அதற்குள் அடக்கி வைத்திருந்தார்கள். 1998 ஜனவரியில் வந்த எவோ 5 அந்த வரம்பைத் தாண்டி 1,770 மி.மீ. ஆனது. 1999-இன் எவோ 6-க்கும் அதே அகலம்தான். பக்கத்துக்கு 40 மி.மீ. கூடுதல். எவோ 5 பம்பரை மட்டும் வாங்கினால் அதன் இரண்டு ஓரமும் உங்கள் ஃபெண்டரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை மறைக்க அகலமான எவோ ஃபெண்டரும் வாங்க வேண்டும். ஃபெண்டர் வாங்கினால் உங்கள் சக்கரம் உள்ளே ஒடுங்கிப் போய், ஆள் இளைத்த பிறகு பழைய சட்டை போட்டது போல் தெரியும். எவோ வீல் மாட்டலாம் என்று பார்த்தால் அது ஐந்து போல்ட், அவை அமையும் வட்டம் 114.3 மி.மீ. நம் லான்சரில் நான்கு போல்ட், 100 மி.மீ. வட்டம். ஒன்றில் தொடங்கி ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), பிரேக் வரை செலவு இழுத்துக்கொண்டு போகும்.

ஆகவே என் முடிவு தெளிவானது. சாதாரண லான்சருக்கு எவோ 4 முகம், அல்லது ஜப்பானில் விற்ற சாதாரண லான்சரின் முகம். என் சொந்த ஃபெண்டர் அப்படியே இருக்க, பம்பர், கிரில், ஹெட்லைட், பானெட் நான்கையும் ஒரே வகை வண்டியிலிருந்து எடுத்தேன். ஒரு வகையின் பம்பரையும் இன்னொரு வகையின் விளக்கையும் கலந்து வாங்கினால் நடுவே விழும் இடைவெளியை எந்தப் பட்டி பூசியும் அடைக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது

இதைப் படிக்காமல் தாண்டிவிட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. வண்டியின் அகலத்தை 80 மி.மீ. கூட்டும் ஃபெண்டரை நான் வேண்டாம் என்பதற்கு இது இரண்டாவது காரணம். பானெட்டை மட்டும் கறுப்பாக விடுவதும் ஆர்.சி.யில் உள்ள நிறத்தோடு இடிக்கும். வண்டியின் நிறத்திலேயே அடித்துவிடுங்கள்.

பம்பருக்கு முன்னால் இரும்புக் குழாய்க் காவல் போடும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதற்கு எதிராக உத்தரவு போட்டாயிற்று.

இந்த வயது வண்டிகள் 15 ஆண்டு தாண்டியவை. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்தியாக வேண்டும். வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் என்ன மாற்றப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் பிறகு விபத்து இழப்பீட்டில் வந்து நிற்கும்.

வாங்கும்போது

பயன்படுத்திய உதிரி பாகங்களை வெளிநாட்டிலிருந்து தனியாள் நேரடியாக வரவழைக்க முடியாது. மூலதனப் பொருள் அல்லாத பழைய பொருட்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். ஆகவே இரண்டு வழிதான் உண்டு. புதிய பாகத்தை நீங்களே வரவழைப்பது ஒன்று. முறையாக இறக்குமதி செய்த வியாபாரியிடம் ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்குவது மற்றொன்று. பில் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பிறகு அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

புதிய பாகத்துக்கான வரிக் கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். பொருள் விலை, கப்பல் கட்டணம், காப்பீடு மூன்றும் சேர்ந்த மதிப்பு 100 ரூபாய் என்றால் அடிப்படைச் சுங்கம் 15. அந்த 15-இல் பத்து சதவீதம் சமூக நல மேல்வரி 1.50. ஆக 116.50. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 20.97. மொத்தம் 137 ரூபாய் 47 காசு. 2025 செப்டம்பர் 22-க்கு முன் ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது. பழைய கணக்கை யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம்.

வரியைவிட அனுப்பும் கட்டணம்தான் பலரைக் கவிழ்க்கிறது. பம்பர் ஐந்தாறு கிலோதான் இருக்கும். ஆனால் விமானக் கூரியரில் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து அதை எடையாகக் கொள்வார்கள். 170, 60, 45 என்ற பெட்டிக்கு 91.8 கிலோ வரும். கடல் வழியே வந்தால் கன மீட்டர் கணக்கு. அந்தப் பெட்டி அரைக் கன மீட்டருக்கும் குறைவு. இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரே சரக்காகச் சென்னைத் துறைமுகத்துக்கு வரவழைத்தால் கட்டணம் பிரியும். ஹெட்லைட், கிளிப் போன்ற சிறியவற்றுக்குக் கூரியர் போதும்.

பம்பரைக் கையில் வாங்கியதும் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அசல் ஜப்பான் பம்பரில் எந்தப் பிளாஸ்டிக் என்று அச்சிலேயே எழுத்து இருக்கும். பெரும்பாலும் பி.பி., அதாவது பாலிப்ரொப்பிலீன். உள்ளே நார் நாராக, கண்ணாடி இழை தெரிந்தால் அது ஃபைபரில் வார்த்த நகல். நகல் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அது வளையாது, உடையும். போல்ட் துளையை நீங்களே போட வேண்டும். அதற்குத் தக்க விலை பேசுங்கள். ஹெட்லைட்டில் எல்லாக் காதும் (போல்ட் மாட்டும் நீட்டல்) இருக்கிறதா என்று எண்ணுங்கள். கழற்றியவன் அவசரத்தில் முதலில் உடைப்பது விளக்கின் காதைத்தான்.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: பம்பருக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டம், பக்கவாட்டு பிராக்கெட், கிளிப், காற்றை ரேடியேட்டருக்குத் திருப்பும் பிளாஸ்டிக் தகடுகள். இந்தச் சின்னச் சாமான்களைத் தனியாகத் தேடி நான் மூன்று மாதம் அலைந்தேன். சென்னைப் புதுப்பேட்டையில் பாதி கிடைத்தது. மீதியைச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் செய்துகொண்டேன்.

பிரிப்பதற்கு முன் அளவு

பழைய கார் என்றால் எங்கேயாவது இடி வாங்கியிருக்கும். முகம் சரியாக உட்கார வேண்டுமானால் எலும்பு நேராக இருக்க வேண்டும். கொத்தனார் கையில் இருக்கும் நூல், ரசமட்டம், தூக்குக்குண்டு மூன்றையும் கடன் வாங்குங்கள். வண்டியை மட்டமான தளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, பானெட்டைத் திறந்து, ஒரு பக்க சஸ்பென்ஷன் டவர் (ஷாக் அப்சார்பரின் மேல்முனை மாட்டும் இடம்) போல்ட்டிலிருந்து எதிர்ப்பக்க ஹெட்லைட் போல்ட் வரை குறுக்காக அளவெடுங்கள். மறு குறுக்கையும் எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. என் வண்டியில் 7 மி.மீ. வந்தது. முந்தைய உரிமையாளர் காலத்தில் வலது முன்மூலை எதிலோ மோதியிருக்கிறது. முதலில் சொன்ன அந்த 8 மி.மீ. சந்தின் வேர் பம்பரில் இல்லை, இங்கேதான் இருந்தது.

இப்படி வந்தால் பம்பரை வெட்டாதீர்கள், உடலை இழுத்து நிமிர்த்துங்கள். சங்ககிரியும் நாமக்கல்லும் பக்கத்தில் இருப்பதால், லாரி பாடி வேலையில் பழகிய கைகளுக்குச் சேலத்தில் குறைவில்லை. சங்கிலி போட்டு மெல்ல இழுத்து, விட்டு, அளந்து, மறுபடி இழுத்து ஒரு பகலில் 2 மி.மீ.க்குக் கொண்டு வந்துவிட்டார்கள்.

கழற்றுவது

இது எளிது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முதலில் பேட்டரியின் மைனஸ் வயர். காற்றுப்பை உள்ள வண்டி என்றால் பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். முன்பக்க மோதல் சென்சாரின் இடத்தை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். பிறகு கிரில், பம்பர், ஹெட்லைட், கடைசியாக பானெட். பானெட் கீலைச் சுற்றிப் பென்சில் கோடு போட்டபின் கழற்றுங்கள், பழைய இடம் தெரியும். ஒவ்வொரு இடத்து போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டு மேலே எழுதி வையுங்கள். பழைய பிளாஸ்டிக் கிளிப் உடையத்தான் செய்யும். இருபது புதிய கிளிப் கையில் இருக்கட்டும்.

முகம் திறந்து கிடக்கும்போது துருவைப் பாருங்கள். ஹெட்லைட்டுக்குக் கீழே உள்ள தகடு, ரேடியேட்டர் அடிச்சட்டம் இரண்டிலும் தண்ணீர் தேங்கும். சுரண்டி, துரு மாற்றி பூசி, எபாக்ஸி பிரைமர் அடிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பெயிண்ட் இல்லாமல் மாட்டிப் பார்ப்பது

மொத்த வேலையின் இதயம் இதுதான். இதற்கு இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள்.

வரிசை முக்கியம். பலர் பம்பரில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறார்கள். அது தவறு. கதவு அசையாதது, ஆகவே கதவிலிருந்து முன்னோக்கி வாருங்கள். கதவுக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியை முதலில் சரிசெய்யுங்கள். அடுத்து ஃபெண்டருக்கும் பானெட்டுக்கும். அதன்பின் ஹெட்லைட், பிறகு கிரில். பம்பர் கடைசியாக. ஒவ்வொன்றும் முன்னதைப் பார்த்து உட்கார வேண்டும். எந்த போல்ட்டையும் இந்தக் கட்டத்தில் முழுதாக இறுக்க வேண்டாம், கையால் அசைத்தால் நகரும் அளவு போதும்.

இடைவெளியை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. ஒரு ஏ.டி.எம். கார்டின் கனம் 0.76 மி.மீ. ஆறு கார்டை அடுக்கினால் 4.5 மி.மீ. பானெட்டின் இரு பக்கமும் அந்த அடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே இறுக்கத்தில் வழுக்கிச் செல்ல வேண்டும். ஒரு பக்கம் ஐந்து கார்டு, மறு பக்கம் ஏழு என்றால் கீலில் பானெட்டை நகர்த்துங்கள்.

எவோ பானெட் அலுமினியம். காந்தம் ஒட்டாது, அதுதான் அடையாளம். இரும்புத் தகட்டில் பழகியவர் இதைச் சுத்தியால் தட்டிச் சூடு காட்டினால் நீண்டு அலையாகிவிடும். அலுமினியம் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் நேராக ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரிக்கும். கீலுக்கும் பானெட்டுக்கும் நடுவே எபாக்ஸி பிரைமர் ஒரு கோட், நாக முலாம் பூசிய போல்ட், போல்ட் தலைக்கடியில் நைலான் வாஷர் என்று வையுங்கள். பானெட் லாக்கை மட்டும் தோராயமாக விடவே கூடாது. முதல் பூட்டு ஒரே அழுத்தில் விழ வேண்டும். நெம்புகோலை இழுத்ததும் இரண்டாவது கொக்கி பானெட்டைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஐம்பது முறை திறந்து மூடிப் பாருங்கள். ஓடும்போது பானெட் கண்ணாடியில் வந்து அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பம்பருக்குப் பின்னால் உள்ள குறுக்குச் சட்டம் இடித்தால் அதை ஆக்சா பிளேடால் அறுத்துத் தூக்கிப் போடும் வழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. அதைச் செய்ய விடாதீர்கள். மோதலில் முதல் அடியை வாங்குவது அந்தச் சட்டம்தான். வெளியே தெரியும் பம்பர் வெறும் தோல். பம்பரோடு வந்த சட்டத்தை மாட்டுங்கள். அது பொருந்தாவிட்டால் பிராக்கெட்டை மாற்றுங்கள், சட்டத்தில் கை வைக்காதீர்கள்.

என் வண்டியில் ஹெட்லைட்டின் வெளிக் காது மட்டும் துளையிலிருந்து 6 மி.மீ. தள்ளி நின்றது. 2 மி.மீ. தகட்டில் எல் வடிவப் பட்டை வளைத்து வைத்தேன். விளக்கின் காதைத் துளைத்துப் பெரிதாக்கியிருந்தால் ஆறு மாதத்தில் அதிர்வில் உடைந்திருக்கும்.

இப்போது சேலத்து வெயிலையும் ஏற்காட்டுக் குளிரையும் கணக்கில் எடுங்கள். பாலிப்ரொப்பிலீன் சூட்டில் நீளும். 1.7 மீட்டர் பம்பர் 30 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 4 மி.மீ. நீளும். ஏப்ரல் மதியம் வெயிலில் வைத்து இறுக்கமாகப் பொருத்தினால் விடியற்காலையில் மலைமேல் சந்து விரியும். குளிரில் பொருத்தினால் மதியம் பம்பர் நடுவே உப்பும். காலை ஒன்பது மணிக்கு நிழலில் பொருத்துங்கள். நடு போல்ட் மட்டும் உருண்டைத் துளையில் இருக்கட்டும், ஓரத் துளைகளை நீள்வட்டமாக அரத்தால் இழைத்து அகல வாஷர் போடுங்கள். பம்பர் நடுவிலிருந்து இரு பக்கமும் நகர இடம் கிடைக்கும்.

ஹெட்லைட்

ஜப்பான் பாகம் நமக்கு வசதியாக அமையும் இடம் இதுதான். அங்கேயும் இடப்பக்கப் போக்குவரத்து. டிம் ஒளியின் வெட்டுக்கோடு இடது ஓரத்தில் மேலேறி, எதிரே வருபவர் இருக்கும் வலப்பக்கத்தில் தாழ்ந்திருக்கும். வலப்பக்கப் போக்குவரத்து உள்ள ஐரோப்பிய நாடுகள், அமெரிக்காவின் விளக்கை மாட்டினால் இது தலைகீழாகி எதிரே வருபவர் கண்ணைக் குருடாக்கும். விளக்கு எந்த நாட்டுக்குச் செய்தது என்று உறுதிசெய்யாமல் வாங்காதீர்கள்.

கப்ளர் (வயரை விளக்கோடு சேர்க்கும் இணைப்பான்) மாறலாம். வயரை அறுக்கும் முன் மல்டிமீட்டர் வைத்து எது டிம், எது பிரைட், எது எர்த் என்று காகிதத்தில் வரையுங்கள். இருபது ஆண்டு பழைய வயரில் மின்னழுத்தம் விழும், புது விளக்கும் மங்கலாகவே எரியும். ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) போட்டுப் பேட்டரியிலிருந்து நேராக எடுப்பதே சரி. 55 வாட் பல்பு இரண்டு சேர்ந்து 9 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும், 60 வாட் பிரைட் இரண்டும் 10 ஆம்பியர். 30 ஆம்பியர் ரிலே, 15 ஆம்பியர் ஃப்யூஸ், 2.5 சதுர மி.மீ. வயர் போதும். ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கடைக்காரர் 100 வாட் பல்பு எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் கருகும், எதிரே வருபவருக்கும் ஆபத்து.

ஜப்பானில் அந்தக் கால வண்டிகளுக்கு முன்பக்கச் சிறு விளக்கு ஆரஞ்சு நிறத்திலும் இருக்கலாம். இங்கே அது வெள்ளையாக எரிய வேண்டும், பல்பை மாற்றிவிடுங்கள். இண்டிகேட்டர் மட்டும் ஆரஞ்சு. மங்கிப் போன பிளாஸ்டிக் முகப்பை 800, 1500, 2000, 3000 என்ற வரிசையில் தண்ணீர் உப்புத்தாள் தேய்த்து, புற ஊதா தாங்கும் கிளியர் அடித்தால் புதிது போல் வரும். கிளியர் அடிக்காமல் பாலிஷ் மட்டும் போட்டால் ஒரு வெயில் காலம்கூடத் தாங்காது.

ஒளியின் மட்டத்தை இரவில் சுவரில் பார்க்க வேண்டும். மட்டத் தளம், சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள், பாதி டேங்க் பெட்ரோல். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, டிம் வெட்டுக்கோடு அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகுங்கள். இடம் இல்லாவிட்டால் 5 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர்.

காற்றுப் போக்கு

எவோ பம்பரின் பெரிய வாய் இன்டர்கூலருக்காக (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கருவி) திறந்தது. நம் 1.5 பெட்ரோலில் இன்டர்கூலர் கிடையாது. வாய் பெரிதாக இருப்பதால் இன்ஜின் குளிரும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே நுழைந்த காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டால் பயனில்லை. பம்பருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் நடுவே இரு பக்கமும் பிளாஸ்டிக் தகடு வைத்து அடையுங்கள். கீழ்த்தட்டையும் விடாமல் மாட்டுங்கள். வாயில் கறுப்பு அலுமினிய மெஷ் போட்டால் கல் பட்டு கண்டென்சர் ஓட்டையாகாது. பானெட்டில் காற்று வெளியேறும் பொந்து இருந்தால் அதன் உள்பக்கம் தண்ணீர் தாங்கும் தட்டு வேண்டும். மலை மழையில் இக்னிஷன் வயர் நனைந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

பெயிண்டுக்கு முன் ஒரு சுற்று

எல்லாம் மாட்டிய நிலையில், பெயிண்ட் இல்லாமலே, ஏற்காடு ஏறுங்கள். அடிவாரம் சோதனைச் சாவடி தாண்டி மேலே போகும் 20 கொண்டை ஊசி வளைவும் சேர்ந்த அந்தப் பாதையைவிட நல்ல சோதனைக்களம் நமக்கு இல்லை. ஏ.சி. போட்டு இரண்டாம் கியரில் ஏறும்போது வெப்ப முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் காற்றுத் தகட்டில் எங்கோ சந்து இருக்கிறது. வளைவின் உள்பக்கம் சாலை சட்டென்று மேலேறும். பம்பரின் கீழ் உதடு உரசுகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, இரண்டு பேரைப் பின்னால் உட்கார வைத்து, டயர் உள்தட்டில் தேய்கிறதா என்றும் கேளுங்கள். மேலிருந்து வரும்போது எங்கே கடகடவென்று ஒலிக்கிறதோ அங்கே ஒரு கிளிப் குறைவு.

மார்கழி விடியலில் போனால் பனியும் கிடைக்கும். பனி விளக்கைச் சோதிக்க அதுதான் நேரம். மஞ்சள் நிறம் பனியைத் துளைக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது என்பதால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். நம்மைக் காப்பது தாழ்வாக, அகலமாக, மேலே சிந்தாமல் விழும் ஒளி. பனி விளக்கைத் தரையை நோக்கி இறக்கி வையுங்கள். பனிக்குள் பிரைட் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

பெயிண்டும் நம்பர் பிளேட்டும்

இறங்கி வந்து குறைகளைச் சரிசெய்தபின் எல்லாவற்றையும் கழற்றிப் பெயிண்ட் கடைக்குக் கொடுங்கள். பாலிப்ரொப்பிலீன் மேல் சாதாரண பிரைமர் ஒட்டாது, பிளாஸ்டிக் பிரைமர் முதலில் அடித்தார்களா என்று நின்று பாருங்கள். அலுமினியத்தில் வெறும் உலோகம் தெரியும் இடத்தில் நேராகப் பட்டி வைக்க விடாதீர்கள், எபாக்ஸி பிரைமர் அடித்து அதன் மேல்தான் பட்டி. பக்கத்தில் உள்ள பழைய ஃபெண்டரின் மங்கலான நிறத்தோடு ஒத்துப்போக, டப்பா எண்ணை நம்பாமல் பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கொடுத்து நிறம் கலக்கச் சொல்லுங்கள்.

ஜப்பான் பம்பரின் நம்பர் பிளேட் பள்ளம் அவர்களுடைய 330-க்கு 165 மி.மீ. பிளேட்டுக்கானது. நம் கார்களுக்கு 500-க்கு 120, அல்லது 340-க்கு 200 என்ற இரண்டு அளவு உண்டு. நீளப் பிளேட் பள்ளத்தைத் தாண்டி வாயை மறைக்கும். 340-க்கு 200 பிளேட் ஏறக்குறைய அந்த இடத்திலேயே உட்காரும். உயர் பாதுகாப்புப் பிளேட்டின் பூட்டு ஒரு முறை அடித்தால் கழற்ற முடியாது, உடைக்கத்தான் வேண்டும். ஆகவே பெயிண்ட் காய்ந்து, பம்பர் இறுதியாக இறுகி, இடைவெளி எல்லாம் மறுபடி ஆறு கார்டு வைத்துப் பார்த்து முடிந்தபின் பிளேட்டை அடியுங்கள். பூட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் மட்டும் இருந்தால் அதிர்வில் கிழியும். உள்ளே ஒரு சின்ன அலுமினியப் பட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியபின் பானெட் கீல், லாக், ஹெட்லைட் காது, குறுக்குச் சட்டம் நான்கிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். என் வண்டியில் வலது ஹெட்லைட்டின் மேல் போல்ட் கால் சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டு, அன்று இரவே மறுபடி சுவர் முன்னால் நிறுத்தி ஒளியின் மட்டத்தைச் சரிசெய்தேன்.